கொட்டச்சேட்டுச் சரிவில் ஒரு நீலக் கூரை

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் கொட்டச்சேட்டுக்குச் சற்று முன்பாக வண்டியை ஓரம்கட்டிவிட்டு, எதிரே தெரிந்த மலைச்சரிவை நீர்வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு ஆண்டுகளாகச் சேலத்தில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுத் தருவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்வராயன் மலையை வரைவது அதே அளவு பழைய பழக்கம். அன்று முதலில் வானத்தை நனைத்து விட்டேன். தொலைவிலிருந்த முகட்டுக்கு அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சிறிது கலந்த சாம்பல் போதுமானதாக இருந்தது. அருகே இருந்த சரிவில் சில்வர் ஓக் மரங்களின் வெளிறிய பச்சையும், அவற்றின் அடியில் காப்பிச் செடிகளின் அடர்ந்த இருட்டும் நன்றாகவே வந்துகொண்டிருந்தன. அப்போதுதான், சரிவின் நடுப்பகுதியில் மரங்களுக்கு இடையே பளபளத்துக்கொண்டிருந்த ஒரு நீலக் கூரையில் தூரிகை வந்து நின்றது. தட்டில் ஏற்கெனவே கலந்து வைத்திருந்த எந்த நிறமும் அதற்குப் பொருந்தவில்லை. குழாயிலிருந்து பிதுக்கிய நீலத்தை அப்படியே எடுத்து ஒரு பட்டையாக வைத்தேன். கட்டைவிரல் நக அளவுகூட இல்லாத அந்தப் பட்டை, ஒரு மணி நேரமாகச் செய்த வேலை முழுவதையும் விழுங்கிவிட்டது. காகிதத்தில் மலை இல்லாமல் போய், கூரை மட்டுமே இருந்தது.

அந்த வீட்டை வடிவமைத்தவன் நான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதன் புதுமனைப் புகுவிழாவில் எனக்கு மாலையும் போட்டார்கள்.

அன்று வீடு திரும்பிய பின் பல நாள்களாக ஹியூ காஸன் என்ற மனிதரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டடக்கலை படித்தவர்களுக்கு அவரை 1951ஆம் ஆண்டின் பெரிய தேசியக் கண்காட்சியான பிரிட்டன் விழாவின் தலைமைக் கட்டடக்கலைஞராகத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் கல்லூரிக் காலத்திலிருந்தே நீர்வண்ண ஓவியராகத்தான் நெருக்கமானவர். 1910இல் லண்டனில் பிறந்தார். தந்தை இந்தியக் குடிமைப் பணியில் (ஐ.சி.எஸ்.) பர்மாவில் இருந்ததால், முதல் உலகப் போர் தொடங்கும் வரை காஸனின் குழந்தைப் பருவம் அங்கே கழிந்தது. நம் பக்கத்துக் குடும்பங்களில் பர்மா என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தலைமுறையே நினைவுக்கு வரும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். கேம்பிரிட்ஜில் படித்துத் தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே போர் வந்தது. 1940 முதல் 1944 வரை அவர் விமான அமைச்சகத்தில் உருமறைப்பு அதிகாரியாகப் பணியாற்றினார். கட்டடம் எழுப்புவதற்காகப் பயிற்சி பெற்ற ஒருவர், முப்பது வயதிலிருந்து நான்கு ஆண்டுகள், கட்டடங்களை மேலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் துறையில் இருந்தார்.

இந்த உருமறைப்பு வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலரும் அதைக் கூரைக்குப் பச்சை வண்ணம் அடிக்கும் வேலை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மேலே பறக்கும் விமானிக்கு ஒரு கட்டடத்தை முதலில் காட்டிக்கொடுப்பது அதன் நிழல். நிறமெல்லாம் அதற்குப் பிறகுதான். விமானங்களை நிறுத்தும் பெரிய கொட்டகை ஒன்றுக்கு எந்த நிறம் பூசினாலும், மாலை வெயிலில் அதன் பக்கத்தில் தரையில் விழும் நேர்க்கோட்டு இருட்டு, அங்கே மனிதன் கட்டிய ஒன்று இருக்கிறது என்று அறிவித்துவிடும். ஆகவே கூரையின் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் வலைகளைச் சரிவாக இழுத்துக் கட்டி, அவற்றில் வண்ணத் துணிக் கிழிசல்களை முடிந்து, நிழலின் ஓரத்தைப் பிய்த்துவிட்டார்கள். செங்குத்தான சுவர், மேட்டு நிலம் ஒன்று மெல்லச் சரிந்து இறங்குவதைப் போல ஆகிவிடும்.

அடுத்த பகை மினுமினுப்பு. புதிதாகப் போட்ட கான்கிரீட் ஓடுபாதை வழவழப்பாக இருப்பதால், ஈரம் பட்டால் கண்ணாடியாகவே வானத்தைத் திருப்பிக் காட்டும். சுற்றியுள்ள புல்வெளியோ மேலிருந்து பார்க்கையில் இருண்டு தெரியும். ஒவ்வொரு புல்லும் தன் காலடியில் ஒரு சிறு நிழலை வைத்திருப்பதே காரணம். அதனால் ஓடுபாதையின் மேல் கல் சில்லுகளைப் பரப்பிச் சொரசொரப்பாக்கினார்கள். ஒவ்வொரு சில்லும் தனக்கென்று ஒரு துளி நிழலைச் சேர்த்துக்கொள்ள, பாதை முழுவதும் மங்கிப்போயிற்று. இங்கிலாந்தின் வயல்களைப் பிரிக்கும் வேலிப் புதர்களை விமானத் திடல்களின் மேல் கோடுகளாகத் தீட்டி, பரந்த திடலைச் சிறு சிறு வயல்களாகத் தோன்றச் செய்ததும் உண்டு. நிறம், நிழல், பரப்பின் சொரசொரப்பு ஆகிய மூன்றையும் பற்றி ஒரு நிலக்காட்சி ஓவியன் ஆயுள் முழுவதும் கற்றுக்கொள்வதை, இந்தத் துறையில் இருந்தவர்கள் உயிர்போகும் அவசரத்தில் கற்றார்கள்.

அந்த வேலைக்கு ஓவியர்களும் விலங்கியலாளர்களும் திரைப்பட அரங்கக் கலைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். ஷெப்பர்டன் படப்பிடிப்பு நிலையத்தில் மரத்தாலும் துணியாலும் போலி விமானங்கள் செய்து தரப்பட்டன. ஏற்காடு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைக் கடந்தே வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தட்டியையும் சாக்குத் துணியையும் சுண்ணாம்பையும் வைத்துக்கொண்டு ஓர் அரண்மனையை எழுப்பும் கைகளுக்கு, ஓர் அரண்மனையை மறைக்கவும் தெரிந்துதானே இருக்கும்.

போர் முடிந்து 1948இல், காஸன் பிரிட்டன் விழாவின் கட்டடக்கலைப் பொறுப்பை ஏற்றார். தேம்ஸ் நதியின் தென்கரையில், குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த 27 ஏக்கர் இடம். நேர்ச்சாலை போட்டு இருபக்கமும் மண்டபங்களை நிறுத்துவது வழக்கமான வழி. அவரும் அவருடைய தோழர்களும் அதைக் கைவிட்டு, நடப்பவருக்கு ஒரு காட்சி மறைந்து அடுத்த காட்சி திறக்கும்படி, ஒரு மலைப்பாதை வளைந்து செல்வதைப் போல அந்த இடத்தை அமைத்தார்கள். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பழகியவர்களுக்கு இந்த இன்பம் தெரியும்: ஒரு வளைவில் சேலம் நகரம் முழுவதும் காலடியில் கிடக்கும், அடுத்த வளைவில் பாறையும் மூங்கிலும் மட்டும், அதற்கடுத்ததில் மறுபடியும் நகரம், இம்முறை இன்னும் சிறியதாக. 1951 மே முதல் செப்டம்பர் வரை நடந்த அந்த விழாவின் தென்கரைக் கண்காட்சிக்கு ஏறத்தாழ 85 லட்சம் பேர் வந்துபோனார்கள். மறு ஆண்டு காஸனுக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1976 முதல் 1984 வரை லண்டனின் கலை அமைப்பான ராயல் அகாடமியின் தலைவராக இருந்தார்.

இத்தனைக்கும் நடுவே அவர் நீர்வண்ணத்தை விடவே இல்லை. அவருடைய படங்கள் பெரும்பாலும் சிறியவை. பேனாவால் ஓடும் சில கோடுகள், அவற்றின் மேல் கோட்டுக்குக் கட்டுப்படாமல் பரவும் நீர்த்த வண்ணம், ஆங்காங்கே புள்ளியாக மனிதர்கள். நான் அவற்றில் திரும்பத் திரும்பப் பார்ப்பது கட்டடங்கள் தரையைத் தொடும் இடத்தைத்தான். கட்டடக்கலைஞர்கள் படம் வரைந்தால் அந்த இடத்தில் ஓர் அழுத்தமான கோடு இழுத்துவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் பழக்கப்பட்டேன், தரைமட்டக் கோடு இல்லாத வரைபடத்தை எந்த அலுவலகத்தில் ஏற்பார்கள்? காஸனின் படங்களில் அந்தக் கோடு பல இடங்களில் கரைந்துவிடுகிறது. சுவரின் வண்ணம் புல்லுக்குள் கசிகிறது, புல்லின் ஈரம் சுவரில் ஏறுகிறது. கூரை விளிம்பிலிருந்து தரை வரை வலை கட்டிய துறையில் நான்கு ஆண்டுகள் இருந்த மனிதரின் கை அது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதை அவர் எங்கும் சொன்னதாகக் காட்டி நான் நிறுவப்போவதில்லை. படங்களைப் பார்த்து வந்த என் முடிவு இது, அதில் உறுதியாகவே இருக்கிறேன்.

போர்க்காலத்தில் ராணுவத்தின் உருமறைப்பு வேலையில் இருந்த இன்னொரு கட்டடக்கலைஞர் பேசில் ஸ்பென்ஸ். 1907இல் பம்பாயில் பிறந்து, பள்ளிப் படிப்பையும் அங்கேயே தொடங்கியவர். வரையும் கையின் வளத்தால் பிற கட்டடக்கலைஞர்கள் தங்கள் கட்டடங்களின் தோற்றப் படங்களை அவரிடம் கேட்டு வாங்கிய காலம் ஒன்று உண்டு. நார்மண்டிப் படையெடுப்பில் கலந்துகொண்டு, அங்கே பழைய தேவாலயங்கள் பீரங்கியால் உடைக்கப்படுவதைக் கண்ணால் பார்த்தார். பிறகு 1951இல், 219 வடிவங்கள் வந்த போட்டியில் வென்று, 1940 நவம்பர் குண்டுவீச்சில் அழிந்த கோவென்ட்ரி பேராலயத்தைப் புதிதாகக் கட்டினார். பழைய இடிபாட்டை அகற்றாமல் அப்படியே நிறுத்தி, புதிய ஆலயத்தை அதன் பக்கத்தில் எழுப்பியதுதான் அவருடைய பெரிய முடிவு. அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே என்ன கட்டுவது என்று யோசித்த கண் அதற்குத் தேவைப்பட்டிருக்கும்.

நமக்கு இன்னும் அருகில், கேரளத்தில் கட்டடங்கள் எழுப்பிய ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் இருக்கிறார். அவர் போருக்குப் போனது ஆயுதம் ஏந்த அல்ல. குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய ‘நண்பர்கள் ஆம்புலன்ஸ் பிரிவில்’ சேர்ந்து சீனாவில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருள் எல்லாம் அந்த இடத்திலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைக்கவேண்டும் என்று காந்தி சொன்னதைப் பேக்கர் கடைசிவரை நினைவுகூர்ந்தார். 2007இல் மறையும் வரை அவருடைய கை ஓயாமல் வரைந்துகொண்டே இருந்தது. திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் போய்ப் பார்த்தவர்களுக்கு, நின்ற மரத்துக்காகச் சுவர் வளைந்து போவதையும், மேட்டை வெட்டாமல் கட்டடம் மேட்டோடு சேர்ந்தே ஏறுவதையும் நான் விளக்கத் தேவையில்லை.

இவர்களை எல்லாம் படித்திருந்தும், கொட்டச்சேட்டில் நான் நீலக் கூரை போட்டேன்.

காரணம் இருந்தது. மனையின் உரிமையாளர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வணிகம் செய்பவர். அவர் முதலில் கேட்டது ஓட்டுக் கூரைதான். குரங்குகள் ஓட்டைப் பிரித்துப் போட்டுவிடும், ஆண்டுதோறும் ஆள் விட்டு மாற்றவேண்டும் என்று சொல்லி, கலர் ஷீட் போடச் செய்தவன் நான். குரங்கைப் பற்றிச் சொன்னது பொய்யல்ல. ஆனால் ஷீட்டின் நிறத்தைத் தேர்ந்தது, அலுவலகத்தில் குழல்விளக்கின் கீழே, உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்றைப் பார்த்து. எதிர்ச்சரிவில் போய் நின்று ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. வீட்டை இன்னும் இருபதடி கீழே இறக்கியிருக்கலாம். காட்சி நன்றாகத் தெரியவேண்டும் என்று மேட்டின் விளிம்புக்கே கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான்.

ஏற்காட்டின் பழைய எஸ்டேட் பங்களாக்களை இத்தனை ஆண்டுகளாக வரைந்திருக்கிறேன், அவை ஒருபோதும் இப்படி என் படத்தைக் கெடுத்ததில்லை. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலையில் காப்பி வந்தது; அதற்குப் பின்னால் வந்த தோட்டக்காரர்கள், காற்றுக்குப் பயந்து முகட்டை விட்டு இறங்கி, தண்ணீருக்கு அருகே கட்டினார்கள். தாழ்வாரம் அகலமாக வெளியே நீண்டதால் சுவரின் பெரும்பகுதி எப்போதும் நிழலுக்குள் இருக்கும். சுவர்க்கல் இந்த மலையிலேயே உடைத்த சார்னோக்கைட் என்ற பாறை. பாறை எந்தச் சாம்பலோ, சுவரும் அதே சாம்பல். ஓட்டில் பாசி ஏறி, சில மழைக்காலங்களிலேயே கூரை சரிவின் நிறத்துக்கு வந்துவிடும். அழகுக்காகச் செய்தவை இவற்றில் குறைவு. காற்றும் மழையும் பணமும் சேர்ந்து எடுத்த முடிவுகள், தூரத்திலிருந்து வரைபவனுக்கு அழகாக வந்து சேர்ந்திருக்கின்றன.

மாசி மாதத்தில் உரிமையாளரைக் கடையில் சந்தித்து விஷயத்தைச் சொன்னேன். நம் ஊரில் வரைபடம் போடுகிற எவரும் இன்ஜினியர்தான். அவரும் என்னை அப்படித்தான் அழைப்பார்.

“என்னங்க இன்ஜினியர் சார், கூரை நல்லாத்தானே இருக்கு? ஒழுகல, துரு பிடிக்கல. எதிர் மலையில இருந்து பார்த்தாலே நம்ம வீடுன்னு தெரியுது, பார்த்தவங்க எல்லாம் சொல்றாங்க.”

“அப்படித் தெரியிறதுதாங்கண்ணா என் தப்பு. அது உங்க தப்பில்லீங்க. பெயின்ட் செலவு என்னோடது, நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க.”

நான் வரைந்த படத்தை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நெத்தியில பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்குங்க” என்றார். என் மனதில் ஒரு மாதமாக உறுத்திக்கொண்டிருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். செலவை நான் ஏற்பதற்கு மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.

இம்முறை மாதிரித் துண்டை நம்பவில்லை. நான்கடிக்கு மூன்றடி அளவில் ஐந்து பிளைவுட் பலகைகளை அறுத்து, ஐந்து நிறங்களைப் பூசி, தோட்டக் காவலுக்கு இருக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் ஏறி நின்று கூரையின் சாய்வுக்கு ஏற்பப் பலகையைச் சாய்த்துப் பிடிக்க, நான் எதிர்ச்சரிவில் பழைய இடத்திலேயே நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டு பார்த்தேன். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, உச்சிவேளையில் ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை.

நான் மிகவும் நம்பியிருந்தது கரும்பச்சையை. ஐந்தில் மிக மோசமாகத் தெரிந்தது அதுதான். மரத்தின் பச்சை ஆயிரம் இலைகளின் வெளிச்சமும் நிழலும் கலந்து வருவது. பலகையின் பச்சையோ ஒரே பரப்பாக, மரங்களுக்கு நடுவே கிழிசலைத் தைத்த ஒட்டுத் துணியாக நின்றது. காவிச் சிவப்பு காலையில் நன்றாக இருந்து, மாலை வெயிலில் எரிந்தது. கடைசியாக, செம்மண் நிறத்தில் சாம்பலைக் கலந்து மினுக்கம் இல்லாத பெயின்டில் பூசிய பலகையைப் பிடிக்கச் சொன்னேன்.

“பெரியவரே, அஞ்சாவது பலகையைத் தூக்குங்க.”

“தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தானுங்க சாமி இருக்கேன், தெரியலீங்களா?”

தெரியவில்லை. அவருடைய வெள்ளை முண்டாசை வைத்துத்தான் பலகை இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். ஓடுபாதையில் கல் சில்லு பரப்பியவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். அதே நிறத்தை மினுக்கமுள்ள பெயின்டிலும் தனியாக இன்னொரு பலகையில் பூசி வைத்திருந்தேன். அது உச்சிவேளையில் வானத்தை வாங்கி வெளிறிப்போயிற்று. நிறம் ஒன்றுதான், பரப்பு மட்டுமே வேறு.

சித்திரையில், கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன்பாகக் கூரைக்கு வண்ணம் பூசி முடித்தோம். உப்புத்தாள் கொண்டு ஷீட்டின் வழவழப்பைத் தேய்த்தெடுக்கவே நான்கு நாள் ஆயிற்று. பெயின்டர் தம்பி ஒருவர், நல்ல பளபளப்பை எதற்காகக் கெடுக்கிறோம் என்று முதல் நாள் முழுவதும் வருத்தப்பட்டுக்கொண்டே தேய்த்தார். மூன்றாம் நாள் அவரை எதிர்ச்சரிவுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். பாதிக் கூரை நீலமாகவும் பாதிக் கூரை தேய்த்துப் பூசியும் இருந்தது. அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

மேற்குப் பக்கம் இன்னும் சரியாகவில்லை. மாலையில் அந்த நீண்ட சுவர், மேட்டின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு நேர்க்கோட்டு நிழலை இறக்குகிறது. எந்த வண்ணமும் அதற்கு மருந்தல்ல. தாழ்வாரத்தை ஆறடி வெளியே இழுத்து, கைமரங்களின் நுனியை ஒன்றுபோல் வெட்டாமல் சற்று முன்பின்னாக விட்டு, கீழே மூன்று பலா மரங்களும் ஒரு வரிசை சில்வர் ஓக்கும் வைப்பதாகத் திட்டம். மரம் வளரப் பத்தாண்டு ஆகும். அதுவரைக்கும் தாழ்வாரத்தின் மேல் மிளகுக் கொடியோ முல்லையோ ஏற்றலாம் என்பது உரிமையாளரின் மனைவி சொன்ன யோசனை. வலையில் துணிக் கிழிசல் முடிந்தவர்கள் செய்ததும் அதுவே என்பதை அவருக்குச் சொன்னபோது, “அவங்க வலை கட்டினாங்க, நான் பந்தல் போடுறேன், அவ்வளவுதானுங்களே” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்து வரைந்தேன். ஏற்காட்டில் மழைக்காலத்துக் காகிதம் சேலத்துக் காகிதம்போல் இல்லை. மூக்கனேரிக் கரையில் ஒரு வண்ணம் பரவுவதற்குள் காய்ந்து ஓரம் கட்டிவிடும், இங்கே அரைமணி நேரம் ஆனாலும் ஈரம் போகாது. வானத்தையும் முகட்டையும் முடித்து, காப்பிச் செடிகளின் இருட்டையும் வைத்துவிட்டு, கூரைக்கு என்று தனியாக எதையும் கலக்காமல், தூரிகையைக் கழுவும் முன் அதில் மீந்திருந்த சாம்பலைச் சரிவின் நடுவே ஓர் இழுப்பாக இழுத்தேன். அதன் கீழ் விளிம்பு, இன்னும் காயாமல் இருந்த பச்சைக்குள் மெல்லக் கசிந்து இறங்கியது. நான் அதைத் துடைக்கவில்லை. மேற்குச் சுவரை வரையத் தொடங்குவதற்குள் கொட்டச்சேட்டுப் பக்கமிருந்து மேகம் இறங்கி எதிர்ச்சரிவை மூடிவிட்டது. தாழ்வார வேலைக்கு ஆடி கழிந்து வருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.